டவர் கமிட்டிக்கு, ரத்தம் எடுக்கும் அக்கா எழுதுவது

செல்போன் டவர் எதிர்ப்புக் கமிட்டித் தலைவர் அண்ணனுக்கும், நோட்டீஸ் ஒட்டிய தம்பிகளுக்கும், வார்டு மெம்பருக்கும் வணக்கம்.

என்னை உங்கள் எல்லோருக்கும் தெரியும். பொள்ளாச்சியில் ஒரு லேபில் இருபத்தேழு வருஷம் வேலை பார்த்துவிட்டு, இப்போது கேரள எல்லையில், கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் நடுவே வீட்டோடு இருக்கிறேன். உங்களில் பாதிப் பேருடைய சர்க்கரையும் கொழுப்பும் எனக்கு மனப்பாடம். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

மூன்று மாதத்துக்கு முன்னால் பால் சொசைட்டிச் சுவரில் உங்கள் நோட்டீஸைப் பார்த்தேன். தமிழில் இருந்தது, அதற்கு முதலில் நன்றி. அங்கன்வாடிக்குப் பின்னால் தென்னந்தோப்பில் டவர் வரப்போகிறது என்று போன வருஷம் பஞ்சாயத்தில் ஒட்டிய காகிதம் மலையாளத்தில் மட்டும் இருந்தது. எங்கள் தெருவில் பாதிப் பேர் அதை மாட்டுக்கடன் அறிவிப்பு என்று நினைத்துக்கொண்டு இரண்டு நாள் அலைந்தோம். சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் நோட்டீஸில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி இருந்தது. டவரின் மைக்ரோவேவ் கதிர்கள் ஹார்மோன்களைத் தாக்கும், தைராய்டு வரும், பிள்ளை உண்டாகாது, தூக்கம் கெடும், குழந்தைகளுக்கு மூர்க்கக் குணம் வரும் என்று.

போன வாரம் எங்கள் தெருப் பெண் ஒருத்தி வந்தாள். முகம் ஊதியிருந்தது, குரல் கம்மியிருந்தது, நடையில் ஒரு சோர்வு. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. தைராய்டு மாத்திரை போடுகிறாயா என்று கேட்டேன். "நிறுத்திட்டேங்க்கா. டவரை எடுத்துட்டா தானாச் சரியாயிரும்னு சொன்னாங்களே" என்றாள். நிறுத்தி இரண்டு மாதம். அன்றைக்கே ரத்தம் எடுத்து பஸ்ஸில் பொள்ளாச்சிக்குக் கொடுத்தனுப்பினேன். டி.எஸ்.எச். 38 என்று வந்தது. தைராய்டை வேலை செய்யச் சொல்லி, மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஹார்மோன் அது; தைராய்டு குறைந்தால் அது ஏறும். அவள் பழைய ஃபைலை எடுத்துவரச் சொல்லிப் பார்த்தேன். டவருக்குக் குழி தோண்டுவதற்கு ஒன்றரை வருஷம் முன்பே அவளுக்கு 14 இருந்திருக்கிறது.

மாத்திரையை நிறுத்து என்று நீங்கள் யாரும் சொல்லியிருக்க மாட்டீர்கள், அது எனக்குத் தெரியும். ஆனால் சுவரில் இருந்த வரி அவளுக்கு அப்படித்தான் கேட்டிருக்கிறது. அதனால்தான் இந்த மடல். டவரை எதிர்ப்பதா, வேண்டாமா என்பது உங்கள் முடிவு. ஹார்மோன் என்ற சொல்லைச் சுவரில் எழுதிவிட்டீர்கள், அது என் பிழைப்பு. அதைப் பற்றி நான் பேசித்தான் ஆகவேண்டும்.

ஹார்மோன் எவ்வளவு சுலபமாக ஆடும் என்பது ரத்தம் எடுத்தவளுக்குத் தெரியும். பதற்றத்தில் ஏறும் கார்டிசால் ஹார்மோனுக்கு டெஸ்ட் என்றால் காலை எட்டு மணிக்கு எடுக்கச் சொல்வார்கள். அது காலையில் உச்சத்தில் இருக்கும், நடுராத்திரியில் தரையில் கிடக்கும். ஊசியைப் பார்த்தாலே வெளிறிப்போகிறவர்களைக் கால் மணி நேரம் உட்காரவைத்து, மழை வந்ததா, தேங்காய் என்ன விலை என்று ஊர்க்கதை பேசி, அப்புறம்தான் கையில் பட்டை கட்டுவேன். இல்லாவிட்டால் டியூபில் வருவது அவர்கள் நோய் இல்லை, அவர்கள் பயம்.

1970-களின் கடைசியில் அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் லாட்ஸ், மைக்கேல்சன் என்ற இருவர் இதே பாட்டை எலிகளிடம் பட்டார்கள். எலியைக் கையில் தூக்கினாலே அதன் அட்ரினல் சுரப்பி கார்டிகோஸ்டீரோனைக் கொட்டிவிடும். நமக்குக் கார்டிசால் மாதிரி அதற்கு அது. அதனால் முதலில் எலிகளைக் கூண்டுக்கும் கைக்கும் நாள்கணக்கில் பழக்கினார்கள். அப்புறம் 2,450 மெகாஹெர்ட்ஸ் மைக்ரோவேவில் வைத்தார்கள். மைக்ரோவேவ் அடுப்பில் ஓடுவதும் அதே அலைதான். ஹார்மோன் ஏறியது, உங்கள் நோட்டீஸ் சொன்ன மாதிரியே. ஆனால் எலியின் உடம்புச் சூடு எவ்வளவு ஏறியதோ அதை ஒட்டியே ஏறியது. பிட்யூட்டரியை எடுத்துவிட்ட எலிகளில் ஏறவே இல்லை. அப்படியென்றால் அலை நேராகப் போய் அட்ரினலைக் குத்தவில்லை. உடம்பு சூடாகிறது, மூளை அதைப் பார்த்துவிட்டு பிட்யூட்டரிக்குச் சொல்கிறது, பிட்யூட்டரி அட்ரினலை எழுப்புகிறது. சித்திரை வெயிலில் தோப்பில் மட்டை பொறுக்குகிறவர் உடம்பில் நடப்பதும் கிட்டத்தட்ட இதுதான்.

தைராய்டையும் அதே பல்கலைக்கழகத்தில் பார்த்தார்கள். நன்றாகச் சூடேறிய எலிக்கு டி.எஸ்.எச். இறங்கியது. வெளியிலிருந்தே சூடு வரும்போது உடம்பு தன் அடுப்பைத் தணித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். நம் பெண்களுக்கோ டி.எஸ்.எச். ஏறுகிறது. திசையே வேறு! பிரான்சில் 20 ஆண்களை 900 மெகாஹெர்ட்ஸ் கைப்பேசியோடு தினம் இரண்டு மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள், நான்கு வாரம் வைத்துப் பார்த்த ஆய்வு 1998-இல் வந்தது. பிட்யூட்டரி ஹார்மோன்களில் டி.எஸ்.எச். மட்டும் 21 சதவீதம் குறைந்தது. அதுவும் இயல்பான அளவுக்குள்ளேயே இருந்தது, நிறுத்தியதும் பழைய நிலைக்கு வந்துவிட்டது. ஈரானில் கைப்பேசி அதிகம் பயன்படுத்திய மாணவர்களுக்கு டி.எஸ்.எச். கொஞ்சம் கூடியிருந்ததாக ஒரு சின்ன ஆய்வும் உண்டு. அதை மறைக்க நான் யார்? ஆனால் 77 பேரை வைத்துச் செய்தது அது, அதில் பார்த்தது காதோடு ஒட்டிய கைப்பேசியை. தோப்பில் நிற்கும் டவருக்கு அதை இழுக்க முடியாது.

அப்படியானால் நம் தெருவில் இத்தனை பேருக்குத் தைராய்டு எப்படி? இந்தியாவில் எட்டு நகரங்களில் பார்த்து 2013-இல் வெளியிட்ட கணக்கில், பெரியவர்களில் பத்துக்கு ஒருவருக்கு மேல் தைராய்டு குறைவு இருந்தது. எங்கள் தெருவில் முந்நூறு பெரியவர்கள் இருந்தால் முப்பது பேருக்கு இருக்கலாம் என்று அர்த்தம். டவர் வந்த பிறகு நீங்கள் வீடு வீடாகப் போய்க் கேட்டீர்கள், அதனால் கண்ணில் பட்டது. அதற்கு முன்னால் கேட்க ஆள் இல்லை. இந்த ஒரு வேலைக்காகக் கமிட்டியைப் பாராட்டத்தான் வேண்டும்.

அடுத்தது மூர்க்கக் குணம். ஒரு வேடிக்கை சொல்கிறேன். எந்த அளவு அலை ஆபத்து என்று உலகம் கோடு போட்டதே எலியின் குணத்தைப் பார்த்துத்தான். லீவரை அழுத்தினால் தீனி விழும் என்று எலிகளையும் குரங்குகளையும் பழக்கினார்கள். அப்புறம் அவற்றின் மேல் மைக்ரோவேவைக் கூட்டிக்கொண்டே போனார்கள். ஒரு கட்டத்தில் பசியோடு இருந்த பிராணியும் லீவரை விட்டுவிட்டு ஒதுங்கியது. உடம்பு எடையில் கிலோவுக்கு 4 வாட் ஏறும்போது அப்படி ஆனது, உடல் வெப்பம் அப்போது சுமார் ஒரு டிகிரி கூடியிருந்தது. அந்த 4-ஐ ஐம்பதால் வகுத்து, பொதுமக்களுக்குக் கிலோவுக்கு 0.08 வாட் என்று வைத்தார்கள். டவர் விஷயத்தில் இந்தியா இன்னும் இறுக்கியது. சர்வதேச வரம்பு 900 மெகாஹெர்ட்ஸுக்குச் சதுர மீட்டருக்கு 4.5 வாட். 2012 செப்டம்பர் 1 முதல் இங்கே அதை 0.45 என்று ஆக்கினார்கள்.

சூடே ஏறாமல் உள்ளுக்குள் ஏதாவது நடக்காதா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். சும்மா சிரித்து ஒதுக்குகிற டாக்டர்களோடு எனக்கும் ஒத்துப்போகாது. சியாட்டிலில் ஹென்றி லாய் என்ற ஆராய்ச்சியாளர் 1980-களிலிருந்தே இதைத் தோண்டிக்கொண்டிருந்தவர். எலிகளை 45 நிமிஷம், விட்டுவிட்டு அடிக்கும் 2,450 மெகாஹெர்ட்ஸில், கிலோவுக்கு 0.6 வாட்டில் வைத்தார். மூளையில் நினைவாற்றலுக்கு வேண்டிய, கோலின் என்ற வேதிப்பொருள் சார்ந்த வேலை மந்தப்பட்டது என்றார். உடம்பே சுரக்கும் அபின் போன்ற பொருள்களைத் தடுக்கும் மருந்தை முன்னாலேயே கொடுத்தால் அந்த மாற்றம் வரவில்லை. 1994-இல், பன்னிரண்டு கிளை உள்ள ஒரு வழிப்பின்னலில் தீனி தேடவிட்டபோது அலை பட்ட எலிகள் அதிகம் தடுமாறின என்றும் எழுதினார். படிக்கும்போது எனக்கே வயிற்றைக் கலக்கியது. ஆனால் வேறு ஆய்வுக்கூடங்கள் அதே சோதனையைச் செய்து பார்த்து 2004-இல் வெளியிட்டபோது எலிகள் ஒழுங்காகத்தான் தேடின. லேபில் ஒரு டெஸ்ட் இரண்டாம் தடவை வேறு மாதிரி வந்தால் முதல் ரிப்போர்ட்டை யாரிடமும் கொடுக்க மாட்டோம். இன்னொன்று, லாய் வைத்த 0.6 என்பதே பொதுமக்களுக்கான சர்வதேச வரம்பைப் போல ஏழு மடங்குக்கு மேல்.

குழந்தைகள் குணம் பற்றி டென்மார்க்கில் 2008-இல் ஒரு பெரிய கணக்கெடுப்பு வந்தது. பதின்மூன்றாயிரம் குழந்தைகள். கர்ப்பத்தில் கைப்பேசி அதிகம் பேசிய தாய்மாரின் பிள்ளைகளிடம் ஏழு வயதில் துடுக்குத்தனம் சற்று கூடியிருந்தது. அது அலையாலா, இல்லை போனிலேயே இருக்கும் அம்மாவாலா என்று அதை எழுதியவர்களே தயங்கினார்கள். எங்கள் பேரனைப் பார்த்தால் எனக்கு இரண்டாவது பக்கம்தான் மனசு சாய்கிறது, அது வேறு கதை.

தூக்கத்தில் மட்டும் ஒரு சின்ன உண்மை இருக்கிறது. சூரிச்சில் தூங்கப்போகுமுன் தலைக்குப் பக்கத்தில் கைப்பேசி மாதிரியான அலையை வைத்து, தூங்கும்போது மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்தார்கள். கோடுகளில் கொஞ்சம் மாற்றம் தெரிந்தது, அது பல தடவை வந்தது. ஆனால் தூங்கியவர்கள் நன்றாகத்தான் தூங்கி எழுந்தார்கள். மாற்றம் என்பது வேறு, கேடு என்பது வேறு. லேபில் இருந்தவளுக்கு இது தினசரிப் பாடம்.

இனி நோட்டீஸ் செய்த வேலையைச் சொல்கிறேன். கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். அலை பட்டாலே தலை வலிக்கிறது, படபடப்பு வருகிறது என்று சொல்பவர்களை வைத்துச் செய்த 31 சோதனைகளை 2005-இல் ஒன்றாகத் திரட்டிப் பார்த்தார்கள். மொத்தம் 725 பேர். கருவி ஓடுகிறதா, நின்றிருக்கிறதா என்று அவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்கு வந்த வலி நிஜம், நடிப்பில்லை. ஆனால் ஓடாத கருவிக்கு முன்னாலும் அதே வலி வந்தது. கால் மணி நேரம் ஊர்க்கதை பேசி ஏன் ரத்தம் எடுப்பேன் என்று மேலே சொன்னேன் இல்லையா, அதையும் இதையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். பயம்கூட கார்டிசாலை ஏற்றும். அங்கன்வாடிச் சுவரில் தினம் அந்தச் சிவப்பு வரியைப் படித்துவிட்டுப் பிள்ளையை விட்டுவரும் தாய்க்கு ராத்திரி தூக்கம் எப்படி வரும்?

உங்கள் கமிட்டிக் கூட்டத்தன்று நடந்ததை நீங்களும் பார்த்தீர்கள். டவுனிலிருந்து வந்த ஒருவர் கையில் ஒரு மீட்டர். ஆன்லைனில் வாங்கியது என்றார். அங்கன்வாடி வாசலில் நின்று டவரைப் பார்த்து நீட்டினார். இரண்டு பச்சை விளக்கு எரிந்தது. "இப்போ பாருங்க" என்று பேசிக்கொண்டே திரும்பினார். திடீரென்று சிவப்பு விளக்கு வரை ஏறி, குருவிக்குஞ்சு மாதிரி கத்தியது மீட்டர். கூட்டமே "ஐயோ" என்றது. நான் முன்வரிசையில் இருந்தேன். அவர் சட்டைப் பையில் போன் நடுங்கிக்கொண்டிருந்தது. யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் ஒரு கையால் கட் செய்ய, மீட்டர் மறுபடி பச்சைக்கு இறங்கியது. கூட்டம் டவரையே பார்த்துக்கொண்டிருந்ததால் அதை யாரும் கவனிக்கவில்லை. அன்றைக்கே எழுந்து சொல்லியிருக்க வேண்டும். சபையில் ஒருவரை அவமானப்படுத்த மனசு வரவில்லை. அது என் தப்பு.

அந்த மீட்டர் பொய் சொல்லவில்லை, நாம்தான் வேறு பக்கம் பார்த்தோம். டவர் இருபது முப்பது வாட்டை நூறு மீட்டருக்கு அப்பால் இருந்து அனுப்புகிறது. 4ஜி போன் அதிகபட்சம் 0.2 வாட்தான் அனுப்பும், ஆனால் காதிலிருந்து ஒரு சென்டிமீட்டரில் இருந்து. தூரம் இரட்டித்தால் தாக்கம் நாலில் ஒன்றாகும். அதோடு சிக்னல் குறையக் குறைய போன் கத்திப் பேசும், பக்கத்தில் டவர் இருந்தால் முணுமுணுக்கும். நம் ஊரில் வாசலில் நின்றால் தமிழ்நாட்டு டவர், கொல்லைக்குப் போனால் கேரள டவர், நடுவீட்டில் இரண்டும் இல்லை. 'கேரளாவுக்கு நல்வரவு' மெசேஜ் ஒரு நாளைக்கு ஆறு தடவை வந்து பேட்டரி தீர்ந்த காலத்தை மறந்திருக்க மாட்டீர்கள். அப்போதெல்லாம் போன் சட்டைப் பையிலேயே சுட்டது. கதிரைப் பற்றி மட்டும் கவலை என்றால், டவர் தூரமாகப் போனால் காதில் விழும் கதிர் கூடத்தான் செய்யும். இதைச் சொல்வதால் நான் கம்பெனிக்கு ஆள் என்று பேசுவீர்கள். என் வீட்டுக்கு இன்னும் சரியாக சிக்னல் வரவில்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கவலை நமக்கு மட்டும் வந்ததும் இல்லை. பனிப்போர் காலத்தில் மாஸ்கோவிலிருந்த அமெரிக்கத் தூதரகத்தின் மேல் சோவியத்காரர்கள் 1953 முதல் இருபது வருஷத்துக்கு மேல் மைக்ரோவேவை வீசிக்கொண்டிருந்தார்கள். அங்கே வேலை பார்த்தவர்களின் உடல்நிலையை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து 1978-இல் அறிக்கை கொடுத்தார்கள். அலையால் வந்த கேடு என்று எதையும் காட்ட முடியவில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2011-இல் ரேடியோ அலைகளை 'ஒருவேளை புற்றுநோய் தரலாம்' என்ற 2பி பட்டியலில் வைத்தது. அதையும் நோட்டீஸில் போட்டிருந்தீர்கள், சரிதான். அதே பட்டியலில் கற்றாழை இலைச் சாறும் இருக்கிறது என்று பக்கத்தில் போட்டிருக்கலாம்.

இப்போது என்ன செய்யலாம்? சேமஞ்சேரி பஞ்சாயத்து வழக்கில் 2006-இலேயே கேரள உயர் நீதிமன்றம், அறிவியல் ஆதாரம் இல்லாமல் பயத்தை மட்டும் வைத்து டவரைத் தடுக்க முடியாது என்று சொல்லிவிட்டது. நோட்டீஸை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனால் முதல் நாளே கிழித்துவிடுவார்கள். அளந்த எண்ணோடு போனால் கேட்பார்கள். 2017-இல் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை தரங் சஞ்சார் என்ற இணையதளத்தைத் திறந்தது. அங்கே நம் டவரைத் தேடி எடுத்து, 4,000 ரூபாய் கட்டினால் துறை ஆட்கள் கருவியோடு வந்து அளந்து எழுதிக் கொடுப்பார்கள். மீட்டர் வைத்திருந்தவருக்குக் கொடுத்த வண்டிக்கூலி எவ்வளவு என்று பொருளாளரைக் கேளுங்கள், இது பெரிய தொகையாகத் தெரியாது.

அளக்க வருகிறவர்களை அங்கன்வாடியில் மட்டும் நிறுத்தாதீர்கள். ஆன்டெனா வீசுவது டார்ச் லைட் மாதிரி, கிட்டத்தட்ட நேராக, சற்றே கீழே சாய்ந்து போகும். விளக்குக்கு அடியில் இருட்டு. நூறு இருநூறு மீட்டர் தள்ளி, மாடி உயரத்தில்தான் கூடுதலாக இருக்க வாய்ப்பு. அந்தக் கணக்கில் பார்த்தால் முதலில் அளக்க வேண்டியது தலைவர் அண்ணன் வீட்டு மொட்டை மாடி. டவர் பக்கத்தில் மக்கள் நடமாடும் இடங்களில் பொதுவாகக் கிடைப்பது சர்வதேச வரம்பில் 0.002 முதல் 2 சதவீதம் வரை என்று உலகச் சுகாதார நிறுவனம் எழுதியிருக்கிறது. நம் ஊரில் அதையும் மீறி இந்திய வரம்பையே தாண்டினால், டவரடியில் பாய் விரித்து முதலில் உட்காருவது நான்.

வார்டு மெம்பருக்கு ஒரு வார்த்தை. 1969-ஆம் வருஷத்துக் கேரள ஆட்சிமொழிச் சட்டத்தில், தமிழ்ச் சிறுபான்மைப் பகுதிகளில் உள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதலாம், பதிலும் தமிழில் வரவேண்டும் என்று இருக்கிறது. டவர் பற்றி எந்தக் காகிதம் வந்தாலும் தமிழிலும் ஒட்டுங்கள். அளந்த எண்ணைப் பஞ்சாயத்து போர்டில், அங்கன்வாடி வாசலில், பால் சொசைட்டியில், எத்தனை வாட், வரம்பு எத்தனை என்று இரண்டே வரியில் எழுதிவைத்தால் போதும். இந்த ஒரு வேலையைப் போன வருஷமே செய்திருந்தால் சிவப்பு எழுத்துக்கே வேலை இருந்திருக்காது.

கமிட்டியிடம் கேட்பது ஒன்றுதான். 'தைராய்டு' என்ற சொல்லின் மேல் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டுங்கள். தாளில், மாத்திரையை யாரும் நிறுத்தக் கூடாது என்று எழுதுங்கள். மற்ற வரிகளை அளந்து வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். 4,000-த்தில் என் பங்கு 500 ரூபாயைக் கவரில் போட்டு சொசைட்டிச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன்.

அந்தப் பெண் மாத்திரையை மறுபடி ஆரம்பித்துவிட்டாள். ஆறு வாரம் கழித்து, ஓணம் முடிந்த அடுத்த சனிக்கிழமை, அவளுக்கு மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும். காலை ஏழு மணியிலிருந்து திண்ணையில் இருப்பேன். வேறு யாராவது மாத்திரையை நிறுத்தியிருந்தால் அதுவரை காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே தொடங்கி, அந்தச் சனிக்கிழமை வரச் சொல்லுங்கள். அன்றைக்கு மட்டும் ரத்தம் கொடுத்த பிறகு மாத்திரை போட்டால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் எல்லோருக்கும் ஒரு தடவையாவது ஊசி குத்தியவள்